மூலை உரப்பெட்டியின் கண்டக்டர்

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும், தெருவில் யாரும் அவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். வாழ்நாளில் பாதியை டவுன் பஸ்ஸில் விசிலும் பையுமாக நின்றே கழித்த மனிதர். ஏறுகிறவர்களோடு பேச்சு, இறங்குகிறவர்களோடு பேச்சு, படியில் தொங்குகிறவர்களோடு சண்டை, சண்டை ஓய்ந்ததும் அவர்களோடே சிரிப்பு. வீட்டுக்கு வந்த பிறகாவது வாய் ஓயுமா என்றால் அதுவும் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே அன்றைய பயணிகளின் கதையை ஒன்று விடாமல் மனைவியிடம் ஒப்பித்துவிட்டுத்தான் படுப்பார்.

ஓய்வு பெற்றதும் அந்த வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. மனைவி சலவைக் கடைக்கு வேலைக்குப் போகிறவள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். மகளைக் கட்டிக்கொடுத்தது வெளியூரில். அவள் போன் செய்தால், "நல்லா இருக்கேன்மா, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார். டி.வி. ஓடும், அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் முழிப்பார். ஒருநாள் மனசு கேட்காமல், தான் வேலை பார்த்த அதே ரூட் பஸ்ஸிலேயே ஏறிப் பார்த்தார். கதவு தானாக மூடிக்கொண்டது. டிக்கெட்டை டிரைவரே கொடுத்தார். ஆளாளுக்குக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் இறங்கி, வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்.

உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனிதர்கள் இல்லாமல் வாடிப்போனார், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும். மனைவிக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இந்த நேரத்தில்தான் தெருமூலைக்கு அந்தப் பெட்டி வந்தது.

மூலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள குப்பையெல்லாம் வருடக்கணக்காக அங்கேதான் வந்து சேரும். அந்த இடத்தைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பது தெருவாசிகளுக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம். நகராட்சி திடீரென்று ஒருநாள் விழித்துக்கொண்டது. குப்பையை வாரி, தரையைக் கழுவி, சிமெண்ட் போட்டு, மரச்சட்டங்களால் அடித்த இடுப்பளவு உயரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. சுற்றிலும் இடைவெளி விட்டு அடித்த சட்டம், மேலே பச்சை மூடி, கீழே உரம் எடுக்க ஒரு சின்னக் கதவு. பக்கத்தில் காகிதம், பாட்டில், தகரம், பிளாஸ்டிக்குக்கு ஒரு நீலத் தொட்டி.

தெருக்காரர்களைக் கூட்டி வைத்து சுகாதார அதிகாரி விளக்கம் சொன்னார். நடுத்தர வயதுப் பெண்மணி, குரலில் அவசரமே இல்லாதவர். சமையலறைக் கழிவு பெட்டிக்குள், மக்காதது நீலத் தொட்டிக்குள். எல்லாம் பரீட்சார்த்தமாகத்தான். நாற்றம் என்று புகார் வந்தாலோ, உரம் சரியாக வராவிட்டாலோ பெட்டி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அந்தத் தெருக்காரர்கள் ஏற்கெனவே மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெட்டி போனால் மூலை மறுபடியும் பழைய மூலைதான்.

"தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பெட்டியைத் திறந்து வச்சு, யாரு எதைப் போடறாங்கன்னு பார்த்துக்க ஒருத்தர் வேணும். யாரு நிக்கிறீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

எல்லோருக்கும் தத்தம் செருப்பின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. கண்டக்டரும் குனிந்துதான் இருந்தார். அவர் கையை அவர் தூக்கவில்லை. மனைவிதான் பிடித்துத் தூக்கினாள்.

"இவர் நிப்பாரு மேடம்" என்றாள். "நிக்கிறதுதான் இவர் தொழிலே."

கூட்டம் கைதட்டியது. கண்டக்டருக்குக் காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதிகாரி பெட்டியை எப்படிப் பராமரிப்பது என்று விளக்கமாகத்தான் சொன்னார். அவர் காதில் விழுந்தது, "நீங்கதான் பொறுப்பு சார்" என்பது மட்டும்தான்.

மறுநாள் சாயங்காலம், இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாகப் பெட்டி பக்கத்தில் போய் நின்றார். முதலில் வந்தது எதிர்வீட்டு டீச்சரம்மா. சுத்தம் என்றால் அவருக்கு உயிர். உருளைக்கிழங்குத் தோலையும் முட்டை ஓட்டையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு, இரட்டை முடிச்சுப் போட்டு, பரிசுப் பொருள் மாதிரி நீட்டினார்.

கண்டக்டர் பையைப் பார்த்தார். டீச்சரம்மாவைப் பார்த்தார். ஒரு வருடமாகப் பூட்டிக்கிடந்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தோல் ஏறலாம், முட்டை ஓடு ஏறலாம். பை மட்டும் இறங்கு! நீ ஏறுற வண்டி இது இல்லப்பா. பக்கத்துல நீல வண்டி நிக்குது பாரு, அதுல ஏறிக்கோ."

டீச்சரம்மா வாழ்நாளில் யாரிடமும் அதட்டல் வாங்கியதில்லை. ஒரு கணம் திகைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

அதோடு தெருவுக்கே இது ஒரு விளையாட்டாகிவிட்டது. பின் அடித்த தேயிலைப் பையைக் கண்டால், "ஆயுதத்தோட ஏறக் கூடாது, பின்னைக் கழட்டிட்டு வா" என்பார். ஆப்பிள் தோலில் ஸ்டிக்கர் இருந்தால், "பேர் எழுதி ஒட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?" என்பார். கழுவாமல் கொண்டுவந்த தயிர் டப்பாவை மட்டும் அவரால் மன்னிக்கவே முடியாது. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி, வாளி எடுத்துப் போவது யார் முறை என்று முன்பெல்லாம் அடித்துக்கொள்வார்கள். இப்போது இரண்டு பேருமே கிளம்பி வந்தார்கள். தச்சர் பட்டறையைப் பாதியில் நிறுத்திவிட்டு, வாளியில் இரண்டே இரண்டு வெங்காயச் சருகோடு வந்து நின்றார். "இதுக்கு ஒரு டிரிப்பா?" என்றால், "வந்தேன், அவ்வளவுதான் அண்ணே" என்று இளித்தார். போட வந்தவர்கள் போட்டுவிட்டுப் போகாமல் நின்றார்கள். முன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிய அதே மூலையில் நின்று, ஊர்க்கதை பேசினார்கள்.

கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி சாப்பாட்டில் கதை மறுபடியும் ஆரம்பமாகிவிட்டது. டீச்சரம்மாவின் மருமகள் இப்படிச் சொன்னாள், தச்சர் அதற்கு அப்படிச் சொன்னார் என்று அவர் நீட்டி முழக்க, மனைவி தட்டில் கை காயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை அவள் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. "போதும், மீதியை நாளைக்குச் சொல்லுங்க" என்று மட்டும் அதட்டினாள்.

ஆனால் பாருங்கள், மனிதன் ஒரு தொழிலைவிட்டு வந்துவிடலாம், தொழில் மனிதனைவிட்டு அத்தனை சுலபமாகப் போகாது. கண்டக்டர் தன் சர்வீஸில் ஒரு ஆளையும் நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தவரில்லை. எள் விழ இடமில்லாத வண்டியில் இன்னும் ஒன்பது பேரை ஏற்றுவார். "முன்னாடி போங்க, உள்ள காலியா இருக்கு" என்று அவர் ஒரு அதட்டுப் போட்டால், இல்லாத இடம் உண்டாகும். அப்படிப்பட்டவர், வாளியோடு வந்து நிற்கிறவரிடம் "பெட்டி நிறைஞ்சுபோச்சு, நாளைக்கு வாங்க" என்று எப்படிச் சொல்வார்? நாக்கு வரவில்லை. தச்சரிடம் சொல்லி, நீளப் பிடி வைத்த கனத்த கட்டை ஒன்றைச் செய்துகொண்டார். பெட்டி நிரம்பும்போதெல்லாம் கட்டையால் இரண்டு கையாலும் ஓங்கி இடித்து உள்ளே அமுக்கினார். இடம் வந்தது. "ஏறுங்க, ஏறுங்க!"

அதோடு விட்டாரா? சட்டங்களின் இடைவெளியில் கேரட் தோலும் கீரைத்தண்டும் வெளியே எட்டிப் பார்த்தன. அதைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதித்தது. படியில் தொங்குகிற பயலைக் கண்ட அதே கோபம். அட்டைகளை வெட்டிக்கொண்டுவந்து, சுற்றிலும் இடைவெளி தெரியாமல் ஆணி வைத்து அடைத்துவிட்டார். இப்போது பெட்டி பார்க்க லட்சணமாக இருந்தது. தள்ளி நின்று பார்த்து, தானே தலையாட்டிக்கொண்டார்.

சில நாள் கழித்து வாடை கிளம்பியது.

முதலில் லேசாகத்தான். யாரோ கெட்டுப்போனதைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். பிறகு மூடியைத் திறந்தாலே முகத்தில் அறைந்தது. கீழ்க்கதவு வழியே கறுப்பாகத் தண்ணீர் கசிந்தது. மாடி வீட்டுப் பெண் ஒருநாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். மறுநாள் கணவனை மட்டும் அனுப்பினாள். அதற்கு மறுநாள் இருவருமே வரவில்லை. டீச்சரம்மா எட்ட நின்று கையை நீட்டி வாளியைக் கவிழ்த்துவிட்டு, "அடுப்புல பால் இருக்கு" என்று ஓடினார். நின்று பேசுகிறவர்கள் குறைந்தார்கள். நாற்றத்தைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மேல் இருந்த பிரியம் அப்படி. அந்தப் பிரியம்தான் அவரை இன்னும் கலங்கடித்தது.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து போன் வந்தது. புகார் ஒன்று வந்திருக்கிறதாம். அடுத்த வாரம் அதிகாரி நேரில் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பாராம்.

பெட்டி போனால் என்ன ஆகும் என்று கண்டக்டருக்கு நன்றாகத் தெரியும். மூலை நாறும் என்பதுகூட இரண்டாம் பட்சம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவரைத் தேடி வர யாருக்கும் ஒரு காரணமும் இருக்காது. மறுபடியும் அந்த டி.வி., மறுபடியும் அந்த நாற்காலி. அன்றைக்குச் சாப்பாட்டில் அவர் ஒரு கதையும் சொல்லவில்லை.

மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். "பெட்டியில என்ன கோளாறு?"

"தெரியலையே. நான் கண்ணும் கருத்துமாத்தான் பார்த்துக்கிட்டேன். ஒரு பிளாஸ்டிக் உள்ள போகலை."

"நாளைக்கு எனக்கு லீவு. நான் வந்து பார்க்கிறேன்."

காலையில் பெட்டிக்கு எதிரே நின்று, இடுப்பில் கை வைத்து, அட்டை அடைத்த சுவர்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மூடியைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, கையில் கொண்டுவந்த இரும்புக் கம்பியை உள்ளே குத்தினாள். கம்பி போகவில்லை. பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள். அப்போதும் போகவில்லை. ஓரத்தில் சாத்தி வைத்திருந்த இடிகட்டையைப் பார்த்தாள். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரப்போகிறது என்று அவர் நினைத்தார். வந்தது சிரிப்பு.

"என்னங்க, நம்ம ரெண்டு பேரும் முதல்ல எப்படிப் பேசிக்கிட்டோம், ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? அவள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜன்னல்களையெல்லாம் மூடிய மழைநாள், மூச்சுத் திணறும் கூட்டம். அவர் இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்குரல் கிழித்துக்கொண்டு வந்தது: "யோவ் கண்டக்டர், நாங்க மனுஷங்களா மூட்டையா? மூச்சு விட இடம் விடுய்யா!" வண்டி மொத்தமும் சிரித்தது. மறுநாள் அதே வண்டியில் அவள் ஏறியபோது, அவரே போய் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மகளுக்குக்கூடத் தெரிந்த கதை.

"அதேதான்" என்றாள் மனைவி, கம்பியால் பெட்டியைத் தட்டி. "உள்ள இருக்கிறதுக்கு மூச்சு முட்டுது. ஓட்டையையும் அடைச்சு, மேலயும் இடிச்சா, அது மக்குமா அழுகுமா? அந்த மேடம் அன்னைக்குத் தெளிவாச் சொன்னாங்களே, கிளறி விடணும், காத்து போகணும், நடுவுல காஞ்ச இலை தூவணும்னு. நீங்க என்னத்தைக் கேட்டீங்க?"

கண்டக்டர் முகத்தில் அசடு வழிந்தது. "நான்தான் பொறுப்புன்னு கேட்டேன்."

"நல்லாக் கேட்டீங்க போங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் வீடு வீடாகப் போனார். தான் செய்த கூத்தை ஒளிக்காமல் சொன்னார். சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். தச்சர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கட்டையைச் செஞ்சு கொடுத்த பாவி நான்தான் அண்ணே. நீங்க ஏதோ மிளகாய் இடிக்கக் கேட்டீங்கன்னு நினைச்சேன்" என்றவர், ஒரு சாக்கு நிறைய மரத்தூளோடு முதல் ஆளாக வந்து நின்றார்.

கீழ்க்கதவையும் முன்பக்கச் சட்டங்களையும் கழற்றினார்கள். உள்ளே இருந்தது ஒரே கட்டியாக, பெட்டியின் அளவுக்கே அசையாமல் நின்றது. மண்வெட்டியால் பிளந்ததும் எழுந்த நாற்றத்தில் பாதிப் பேர் தெருவின் மறுகோடிக்கு ஓடி, அங்கே நின்று சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மாடி வீட்டுத் தம்பதி பூங்காவிலிருந்து காய்ந்த இலையைப் பை பையாகக் கொண்டுவந்தார்கள். முட்டை அட்டைகளைச் சின்னச் சின்னதாகக் கிழிக்கும் வேலையை டீச்சரம்மா எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில் இருந்தது. ஒருவர் உடைக்க, ஒருவர் உதிர்க்க, ஒருவர் தூள் தூவ, கண்டக்டர் முழங்கை வரை கையுறையோடு நடுவில் நின்று கிளறினார். உள்ளேயிருந்து ஸ்பூன்கள் வரத் தொடங்கின. ஒன்றல்ல, இரண்டல்ல, தெரு மொத்தமும் தொலைத்த ஸ்பூன்கள். வாளியைக் கவிழ்க்கும்போது கூடவே போயிருக்கின்றன.

"ஐயோ, இது என்னுது!" என்று பூப்போட்ட ஸ்பூன் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார் டீச்சரம்மா. "இத்தனை நாளா மருமகளை இல்ல சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்!"

"அத்தே!" என்றாள் பின்னால் நின்ற மருமகள்.

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தான் செய்த தப்பை ஊரே கூடிச் சரிசெய்யும்போது வெட்கம்தான் வரும் என்று கண்டக்டர் பயந்திருந்தார். வெட்கம் கொஞ்சம்தான் வந்தது. மற்றதெல்லாம் சந்தோஷம்.

அட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உதிர்த்ததை மறுபடியும் பொலபொலவென்று அள்ளிப் போட்டார்கள். பாதிதான் பெட்டியில் கொண்டது. மீதிக்குத் தச்சர் பழைய பலகைகளை வைத்துப் பக்கத்திலேயே ஒரு தடுப்பு அடித்துக் கொடுத்தார். அதன் பிறகு தினமும் கிளறல்தான். இரண்டாம் நாள் கையை வைத்தால் உள்ளே கதகதவென்று சூடு. அதற்கடுத்த நாட்களில் நாற்றம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் காலை மூடியைத் திறந்தபோது மழை பெய்த மண் வாசனை வந்தது. அவர் மூடியை மூடிவிட்டு, சந்தேகத்தோடு மறுபடியும் திறந்து முகர்ந்து பார்த்தார். ஓட்டமாக வீட்டுக்குப் போய், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைக் கையோடு இழுத்துவந்து முகரச் சொன்னார்.

அதிகாரி வந்த அன்று தெருவே கூடிவிட்டது. அவர் நிதானமாகக் கையுறை மாட்டிக்கொண்டு, கீழ்க்கதவைத் திறந்து ஒரு பிடி அள்ளினார். விரலால் உதிர்த்தார், முகர்ந்தார். கண்டக்டரால் தாங்க முடியவில்லை.

"மேடம், தப்பு என்னுதுதான். பஸ் மாதிரி நெனச்சு அடைச்சுட்டேன். இவங்கதான் எல்லாரும் சேர்ந்து..."

"சார், சார்" என்று கையமர்த்தினார் அதிகாரி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா வந்திருக்கு. பெட்டி இங்கயேதான் இருக்கும். எங்கயும் போகாது."

ஒரே கைதட்டல். மாடி வீட்டு இளம் கணவன் விசிலடித்தான். அந்த இரைச்சலுக்கு நடுவில் அதிகாரி மேலும் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு. இது நிறைஞ்சாச்சு, இனி முதிரணும். ஒரு மாசத்துக்குப் புதுசா எதையும் போடாதீங்க. மூடியைப் பூட்டிடுங்க. அதுவரைக்கும் காலையில எங்க வண்டி வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துக்கும். சாயங்காலம் யாரும் இங்க வரவேண்டாம். நீங்களும் ரெஸ்ட் எடுங்க சார், நிறைய உழைச்சிருக்கீங்க."

கண்டக்டர் சிரித்தபடியே தலையாட்டினார். பூட்டை வாங்கி அவரே பூட்டினார். பெட்டியைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் எதற்காகக் காப்பாற்ற நினைத்தாரோ அது கைநழுவிப் போனது அவருக்கு மட்டும்தான் புரிந்தது. வாளிதான் இவர்களைக் கூட்டிவந்தது. வாளி இல்லை என்றால் யார் வரப்போகிறார்கள்?

ஐந்தரை மணி ஆனது. அவர் சட்டை மாற்றவில்லை, தலை வாரவில்லை. டி.வி.யைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்த மனைவி வாசலிலேயே நின்று அவரைப் பார்த்தாள்.

"கிளம்பலையா?"

"எதுக்கு? பூட்டியாச்சே. இன்னைக்கு யாரு வரப்போறா?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் அங்க நின்னுக்கிட்டு, கண்டக்டர் எங்க, கண்டக்டர் எங்கன்னு என்னைப் பிடிச்சு உலுக்குறாங்க. போய் நீங்களே பதில் சொல்லுங்க."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. தெருமூலையில் தச்சர் பட்டறையிலிருந்து பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தார். மாடி வீட்டு ஜோடி அதில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா கையில் மட்டும் ஒரு வாளி. கழுவித் துடைத்த வாளி, உள்ளே ஒன்றுமில்லை.

"அம்மா, இன்னைக்குத்தான் எதுவும் போட முடியாதே" என்றார் கண்டக்டர்.

"தெரியும்" என்றார் டீச்சரம்மா. "சும்மா வந்து நிக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான் கையில ஏதாவது இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்."

கண்டக்டர் அந்த வாளியை வாங்கி, பூட்டிய மூடியின் மேல் வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து நடுவில் அவருக்கு இடம் விட்டார்கள்.

"என்ன அண்ணே, வாயைத் திறங்க" என்றார் தச்சர். "நாங்க வந்ததே அதுக்குத்தானே."

கண்டக்டர் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய பிறகும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.